கோழிக்கூட்டில் பூஞ்சணம்

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில் கால்நடை வளர்ப்பைப் பற்றி ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். "சுருக்கமாகப் பேசுகிறேன்" என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. விஷயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இருட்டுவதற்கு முன்னால் கீழ் லயத்துக் கூடுகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்குள் முடித்துவிடுவேன்.

இன்றைக்குப் பேசப்போவது பூஞ்சணத்தைப் பற்றி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் 'பங்கசு' என்று படிக்கிறார்களே, அதுதான். பாணில் பச்சையாகப் பிடிக்கிறது, சுவரில் கறுப்பாகப் படர்கிறது, சாக்கில் வெள்ளையாகப் பூக்கிறது, எல்லாம் அந்தக் குடும்பம்தான். பார்க்கப்போனால் நாம் இந்த மலையில் தேயிலை எடுப்பதற்கே ஒரு பூஞ்சணம்தான் காரணம். முந்தி இதெல்லாம் கோப்பித் தோட்டம். 1869ஆம் ஆண்டு கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் கண்டது. கொஞ்சக் காலத்தில் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலையையும் அது சும்மா விடவில்லை. 1946இல் இலையில் கொப்புளம் போடுகிற நோய் வந்து சேர்ந்தது. அதுவும் பூஞ்சணம்தான்.

கொப்புள நோய் எப்போது வரும் என்று உங்களைக் கேட்டால் யாரும் யோசிக்காமல் சொல்வீர்கள். வெயில் இல்லாமல், பனிமூட்டமும் தூறலுமாக நாலைந்து நாள் போனால் வரும். வெயில் அடித்தால் அடங்கும். இவ்வளவு தெரிந்த நமக்குக் கோழிக்கூட்டில் அதே கதை நடக்கும்போது மட்டும் ஏனோ தெரிவதில்லை. "கண்ணூறு பட்டிருச்சு", "குளிர் தாங்காம செத்திருச்சு", "குஞ்சே சரியில்ல, ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொள்கிறோம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குஞ்சு

இப்படி நடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சங்கத்தில் கடன் எடுத்தோ சீட்டுக் காசிலோ பத்து இருபது குஞ்சு வாங்குகிறோம். முதல் நாலைந்து நாள் துறுதுறு என்று ஓடும். பிறகு ஒன்று இரண்டு மூலையில் ஒதுங்கி நிற்கும். தீன் எடுக்காது, தண்ணீர் மட்டும் குடிக்கும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். அவ்வளவு பாடு படும், ஆனால் சத்தம் பெரிதாக வராது. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகப் போய்விடும். கிழமை முடியும்போது பாதி இருக்காது. கடன் மட்டும் முழுசாக இருக்கும்.

இது பெரும்பாலும் மூன்று கிழமைக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குத்தான் வரும். காரணம் கூட்டுக்குள் போட்ட மரத்தூள், உமி, காய்ந்த புல். அது ஈரமாகிப் பூஞ்சணம் பிடித்து, அந்தப் பூஞ்சணத்தின் வித்தி கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கிறது. குஞ்சின் மூக்கு தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில்தானே இருக்கிறது. இராப் பகலாக அந்தத் தூசியையே இழுக்கிறது. அது நுரையீரலில் போய் உட்கார்ந்து அங்கேயே வளர்கிறது. செத்த குஞ்சைக் கால்நடை வைத்தியர் அறுத்துப் பார்த்தால், நுரையீரலில் சின்னச் சின்ன விதை மாதிரி வெள்ளையாக, மஞ்சளாகத் தெரியும். அஸ்பெர்ஜிலஸ் என்பது அந்தப் பூஞ்சணத்தின் பெயர். பெயரை நீங்கள் பாடமாக்க வேண்டாம், வைத்தியர் சொன்னால் இதுதான் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இதற்கு மருந்து கிடையாது. நம் கையில் இருக்கிற, நமக்குக் கட்டுப்படியாகிற மருந்து எதுவும் நுரையீரலில் பிடித்த பூஞ்சணத்தை எடுக்காது. கடையில் "கோழிக்கு மருந்து" என்று கேட்டால் அன்டிபயோட்டிக் தூள் பைக்கற் ஒன்றைக் கொடுப்பார்கள். அது பக்டீரியாவுக்கான மருந்து, பூஞ்சணத்தைத் தொடாது. காசும் போகும், குஞ்சும் போகும்.

இங்கே ஒரு அம்மா கேட்கிறார்கள், "அப்ப ராணிக்கெட்டுன்னு சொல்றாங்களே, அது இதுதானா?" நல்ல கேள்வி. இது வேறு, அது வேறு. ராணிக்கெட் கோழிக்குக் கோழி தொற்றும். குஞ்சு, பெரிசு என்று பார்க்காது, பக்கத்து லயத்துக்கும் போகும். பச்சையாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், மூச்சில் கர்... கர்... என்று சத்தம் இருக்கும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு, நேரத்துக்குப் போட வேண்டும். பூஞ்சண நோய் ஒரு குஞ்சிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. எல்லாம் ஒரே தூசியை இழுப்பதால்தான் ஒன்றாகச் சாகின்றன. சந்தேகமாக இருந்தால் செத்த குஞ்சைத் தூக்கி எறியாதீர்கள். பொலித்தீன் பையில் கட்டி அன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். பஸ் காசு வீண் என்று நினைக்காதீர்கள். என்ன நோய் என்று தெரியாமல் அடுத்த பத்துக் குஞ்சை அதே கூட்டில் விடுவதுதான் பெரிய செலவு.

தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

"எங்க கூட்டுத் தகரம் ஒழுகலையே, அப்புறம் எப்படி ஈரம்?" என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு வளர்ந்த கோழி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும். பத்துக் கோழி என்றால் கிழமைக்கு 15 லீற்றருக்கு மேலே. அது எங்கே போகிறது? கொஞ்சம் முட்டையில் போகும். மிச்சமெல்லாம் எச்சத்திலும் மூச்சிலும் திரும்பக் கூட்டுக்குள்தான் வருகிறது. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, கூரை ஒழுகாவிட்டாலும் கிழமைக்கு ஒரு பெரிய வாளித் தண்ணீரை நாமே கூட்டுக்குள் ஊற்றின மாதிரிதான். அது வெளியே போக வழி வேண்டாமா?

நாம் என்ன செய்கிறோம்? குளிர் வந்ததும் பழைய உரப்பை, பொலித்தீன் என்று கிடைத்ததையெல்லாம் சுற்றி, ஒரு ஓட்டை விடாமல் அடைத்துவிடுகிறோம். கீரி வரும், காட்டுப்பூனை வரும் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் விடிய எழும்பி அந்தப் பொலித்தீனின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் அங்கே எப்படி வரும்? அது கோழி விட்ட மூச்சு. அது சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறங்குகிறது. குஞ்சைக் குளிரிலிருந்து காப்பாற்றப்போய்ப் பூஞ்சணத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் எமன். வளர்ந்த கோழிக்கு இறகுதான் கம்பளி. உடம்பு காய்ந்திருந்து, காற்று நேரே அடிக்காமல் இருந்தால் நுவரெலியாக் குளிரையும் தாங்கும். நனைந்த கம்பளி உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் அதற்கும். ஆகவே அடைக்க வேண்டியது கீழ்ப்பக்கத்தை, கோழி உட்காரும் உயரம் வரைக்கும். அதற்கு மேலே, கூரைக்கும் பலகைக்கும் நடுவில், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்று அடிக்கிற பக்கமாக இல்லாமல் மற்றப் பக்கங்களில் விடுங்கள். அதில் கம்பி வலை அடித்துவிட்டால் கீரியும் வராது. சூடான ஈரக் காற்று மேலேதான் போகும், அந்த வழியாக வெளியேறிவிடும். சாக்குத் தொங்கவிடுகிறவர்கள் மேலிருந்து கீழே வரைக்கும் தொங்கவிட்டுவிட்டு, காலையில் கீழிருந்து சுருட்டுகிறார்கள். அப்போது குளிர்காற்று நேரே கோழி மேல் அடிக்கிறது, மேலே ஈரம் அடைந்துகொண்டே இருக்கிறது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். சாக்கின் கீழ் விளிம்பை ஆணியடித்து வைத்துவிட்டு, மேல் விளிம்பை இறக்கி ஏற்றப் பழகுங்கள்.

குஞ்சுகளின் விஷயம் கொஞ்சம் வேறு, அதுகளுக்கு உண்மையிலேயே சூடு வேண்டும். முதல் கிழமையில் 32 முதல் 35 பாகை வரை வேண்டும். முந்தியெல்லாம் 60 வோட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் எல்.ஈ.டி. பல்பு. அது வெளிச்சம்தான் தரும், சூடு தராது. "பல்பு போட்டும் செத்துப் போச்சு" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் கையை வைத்துப் பாருங்கள். சூடு தருகிற பல்பு என்று கேட்டு வாங்க வேண்டும். அதையும் காம்பராவின் பழைய வயரில் கண்டபடி முடிச்சுப் போட்டு இழுக்க வேண்டாம். ஒரு லயம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரிச்சட்டியை மூடின இடத்துக்குள் வைப்பதும் ஆபத்து. அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், மனிசரையும் கொல்லும். கரண்ட் வசதி இல்லாதவர்கள் சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்குத் துண்டில் சுற்றி வைக்கலாம், ஆறினதும் மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது அடைக்கோழிதான்.

இன்னொன்று. குஞ்சு கொடுக்கும் திட்டங்கள் அடிக்கடி வருகின்றன. கொடுப்பது நல்ல காரியம். ஆனால் மேற்குப் பக்க மலைகளில், அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம், மே கடைசி தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் டிசம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரைக்கும் வடகீழ் மழை. சரியாக அந்த மாதத்தில், கூடே இல்லாத வீட்டுக்குப் பெட்டியில் குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு யாராவது கொடுக்க வந்தால், சங்கத்துத் தலைவி தைரியமாகச் சொல்லுங்கள்: "ஐயா, மழை விட்ட பிறகு கொடுங்க, அதுக்குள்ள கூட்டைக் கட்டி வைக்கிறோம்." இப்படிக் கேட்பதால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள்

கூட்டுத் தரையில் போட்ட தூள் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய ஒரு கருவியும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் கூடிவிட்டது. கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் நல்லது. ஒட்டவே ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் காய்ந்தது மிஞ்சிவிட்டது, அதுவும் மூச்சுக்கு ஆகாது. மூக்கையும் நம்புங்கள். கூட்டுக்குள் குனிந்ததும் கண் எரிந்தால், மூத்திர நெடி அடித்தால், கோழி அதையேதான் இராமுழுக்க இழுக்கிறது.

தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டியைத் தரையில் வைத்தால் கோழி கிளறி, தட்டி, ஊற்றிவிடும். இரண்டு செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு வைத்தால் சிந்துவது பாதிக்கு மேல் குறையும். சட்டியடியில் கட்டியாக இறுகிய தூளை அன்றாடம் அள்ளி வெளியே போடுங்கள். மிச்சத்தை முள்ளால் கிளறிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெரிய பிள்ளை செய்யலாம். இழுப்பு இருக்கிற பிள்ளையை மட்டும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மரத்தூள் ஆலையிலிருந்து சும்மா கிடைக்கிறது என்று மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம். பச்சை மரம் அறுத்த தூளாக இருந்தால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் கண்ட நாளில் பரப்பிக் காயவைத்து, பிறகு போடுங்கள். மானாப் புல்லும் அப்படித்தான். நன்றாகக் காய்ந்தால்தான் கூட்டுக்கு உதவும். அடைக்கு வைக்கிற கூடையில் போன தடவைப் புல்லையே திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஈரப் புல்லிலிருந்து பூஞ்சணம் முட்டை ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளேயே போகும். கூமுட்டை ஆனதற்குச் சேவலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கூடு கட்டும்போது இரண்டு அடி உயரத்துக்குக் கால் நட்டு, தரைக்கு ரீப்பையோ கம்பி வலையோ அடித்தால், எச்சம் கீழே விழுந்துவிடும், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. குஞ்சுகள் இருக்கும் மூலையில் மட்டும் அட்டை போட்டுத் தூள் பரப்பலாம். லயத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். சுவரும் காயாது, கூடும் காயாது. இடம் இல்லையே என்பீர்கள். எனக்கும் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கும்? அதனால்தான் நாலைந்து குடும்பம் சேர்ந்து, வெயில் படுகிற ஒரு துண்டு இடத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் சங்கத்தின் பேரில் கேட்டு, வரிசையாகக் கூடு போடுவது நல்லது என்று சொல்கிறேன். தனியாள் கேட்டால் நாளைக்கு என்பார்கள். சங்கம் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டுக் கம்பத்தில் காளான் முளைத்திருக்கிறது, பலகையில் வெள்ளை நூல் ஓடுகிறது என்று சிலர் பயப்படுகிறார்கள். அது மரத்தை உளுக்கச் செய்கிற வகை. அதுவே கோழியைக் கொல்லாது. ஆனால் அங்கே நிரந்தரமாக ஈரம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சுத்தம் செய்யும் நாள்

பூஞ்சணம் பிடித்த கூட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் மனிசருக்கு ஆபத்து. காய்ந்த பூஞ்சணத் தூளை விளக்குமாற்றால் பரபரவென்று கூட்டினால் அவ்வளவு வித்தியும் நம் மூக்குக்குள் போகும். கோழியை வெளியே விட்டுவிட்டு, தூள் மேல் தண்ணீரை லேசாகத் தெளித்து, தூசி அடங்கின பிறகு சாக்கில் அள்ளுங்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் வாங்கின முகக்கவசம் வீட்டில் கிடந்தால் அதைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் துணியை இரண்டு மடிப்பாக மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். இழுப்புக்காரர், முந்திக் காசநோய் வந்து குணமானவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது. காசநோய் விட்டுப்போன குழியில் இதே பூஞ்சணம் குடியேறி, இருமும்போது இரத்தம் வரச் செய்யும். அப்படி யாருக்காவது இரத்தம் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், முந்தி நெஞ்சு நோய் இருந்ததையும், கோழிக்கூட்டில் வேலை செய்ததையும் இரண்டையும் சொல்லுங்கள். குளிருக்காகக் குஞ்சுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு படுக்கும் வழக்கமும் வேண்டாம்.

அள்ளின தூளைக் கானுக்குள் கொட்டாதீர்கள். மரக்கறித் தோட்டத்து மூலையில் குவித்து மூடி, இரண்டு மூன்று மாதம் மக்க விட்டால் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் நல்ல பசளை. பிறகு கூட்டைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். எச்சம் கிடக்கும்போதே பிளீச்சிங்கை ஊற்றினால் அது வேலை செய்யாது. அதோடு எச்சத்து நெடியோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கிற நச்சுப் புகையும் கிளம்பும். கழுவினது நன்றாகக் காய வேண்டும். இரண்டு நாள் வெயில் கிடைத்தால் அதுதான் உண்மையான மருந்து. காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ தூளோடு கலக்க வேண்டாம், மூத்திர நெடி கூடிவிடும். கோழி உள்ளே இருக்கும்போது சுண்ணாம்பைத் தூவுவதும் கூடாது, கண் வெந்துபோகும்.

மலைக்கு அடிக்கிற மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து கூட்டுக்கு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். "அதுவும் பூஞ்சண மருந்துதானே" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். இலைக்கு அளந்து அடிக்கிற செம்பு மருந்து அது. பலகையில் படிந்ததைக் கோழி கொத்தும், அந்த முட்டையை உங்கள் பிள்ளை சாப்பிடும். அந்தப் போத்தல் லயத்துக்கே வரக்கூடாது.

தீனில் பிடிக்கும் பூஞ்சணம்

இது கூட்டில் பிடிப்பதைவிடக் கள்ளமானது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் ஒரு நஞ்சை உண்டாக்கும், அஃப்ளடொக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். அந்த வான்கோழிகளால்தான் உலகத்துக்கே இந்த நஞ்சு தெரியவந்தது.

நம்மிடம் அது சோளத்தில் வரும், தேங்காய்ப் புண்ணாக்கில் வரும். சரியாகக் காயாத கொப்பறாவிலிருந்து வந்த புண்ணாக்கு என்றால் இன்னும் கூட. பூஞ்சணம் பிடித்த தீனைப் புடைத்தாலும், கழுவினாலும், வெயிலில் காயவைத்தாலும் பூஞ்சணம்தான் போகும், நஞ்சு போகாது. அவித்தாலும் போகாது. "கோழிக்கு வேண்டாம், மாட்டுக்குப் போடுவோம்" என்பது அதைவிட மோசம். பசு சாப்பிட்டால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும். அந்தப் பால் யாருக்குப் போகிறது? சொசைட்டிக்கும் போகும், வீட்டுக் கைக்குழந்தைக்கும் போகும். காசு கொடுத்து வாங்கின தீனைக் குழியில் போட மனசு வராது, தெரியும். ஆனாலும் அது குழிக்குத்தான்.

அந்த நிலைமை வராமல் இருக்க, மூட்டையைத் தரையிலும் வைக்காதீர்கள், சுவரோடும் சாய்க்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மலிவு என்று மூட்டை முழுவதையும் ஒரு வீட்டில் வாங்கி இரண்டு மாதம் வைத்திருக்காமல், நாலு வீடு பங்கு போட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் முடிகிற அளவு வாங்குங்கள். பாட்டிமார் சோளக் கதிரை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டார்களே, அது வெறும் பழக்கம் இல்லை. பூஞ்சணம் அண்டாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஒரு சின்னத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்க தம்பி. ... அவர் வீட்டில் மாமா கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆமை இருக்கிறதாம். தொட்டியில் வைத்திருக்கிறார்களாம். ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் பிடிக்கிறது, தேய்த்தாலும் வருகிறது என்கிறார். முதுகில் நட்சத்திரம் மாதிரி கோடு இருக்கிறதா? அப்படியென்றால் அது வறண்ட நாட்டு ஆமை. காய்ந்த மண்ணும் வெயிலும் வேண்டிய சீவன். அதை இந்தக் குளிரில் நனைந்த தொட்டியில் வைத்தால் ஓட்டில் பூஞ்சணம் பிடித்து ஓடு உளுத்துப்போகும், சளியும் பிடிக்கும். எண்ணெய் பூசாதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள். இன்றைக்கே காய்ந்த பெட்டியில் மாற்றுங்கள். ஆனால் தம்பி, அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லுங்கள், கூட்டம் முடிந்ததும் நானும் அவரோடு பேசுகிறேன். அது சாகிறதற்கு முன்னால் அதன் ஊருக்குப் போகட்டும்.

கடைசியாக ஒரு அக்கா கேட்கிறார்கள்: "எங்க வீட்டுல இன்னைக்கே நாலு குஞ்சு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, என்ன செய்ய?" அக்கா, அந்த நாலையும் தனியாக எடுத்துவிடுங்கள். அது பிழைக்கும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். மிச்சத்தை இன்றைக்கு ராத்திரி அந்தக் கூட்டில் விட வேண்டாம். ஒரு காய்ந்த அட்டைப் பெட்டியில் பழைய பத்திரிகைத் தாளைப் போட்டு, மேலே ஓட்டை போட்டு, அடுப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள். புகை படாத பக்கமாக வையுங்கள், பிள்ளைகள் படுக்கும் இடத்தில் வேண்டாம். தாளை விடிய ஒன்று, அந்திக்கு ஒன்று என்று மாற்றுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் தீனை மூக்கருகே பிடித்துப் பாருங்கள், மக்கல் வாடை அடித்தால் நிறுத்திவிட்டு, ராத்திரிக்குச் சுத்தமான அரிசிக் குருணை போதும். செத்ததை நாளைக்கு என்னிடம் தாருங்கள், நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன். கூட்டை வெயில் கண்ட முதல் நாளில் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்து சுத்தம் செய்யட்டும்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. டோர்ச் வைத்திருக்கிறவர்கள் கூட வாருங்கள், முதலில் இந்த அக்காவின் கூட்டைப் பார்ப்போம், பிறகு கீழ் லயத்துக்குப் போவோம்.